சவ்வரிசி விழுந்த சனிக்கிழமை

எங்கள் சமையலறை யன்னல் தட்டில் ஒரு பழைய றேடியோ இருக்கிறது. ஏரியல் முறிந்துபோன இடத்தில் ஒரு முள்ளுக்கரண்டியைச் சொருகி வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த முள்ளுக்கரண்டி வழியாக ஒரு கலியாணமே நடந்திருக்கிறது.

ஸ்கார்பரோவில், மோர்னிங்சைட் பக்கம் எங்கள் கட்டிடத்தில், எனக்குக் கீழ்மாடியில் ஒரு தம்பி இருந்தான். தமிழ் றேடியோ ஒன்றில் காலையில் வானிலை வாசிப்பான். வானிலைத் தம்பி என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர்களுடைய நிலையம் ஒரு கடைக்குக் கீழே பேஸ்மென்டில் இருந்தது; மருந்துக்கும் ஒரு யன்னல் கிடையாது. ஒருநாள் அவன் "இன்று பனி இல்லை" என்று வாசித்துக்கொண்டிருக்க, என் யன்னலுக்கு வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. போனை எடுத்தேன்.

"தம்பி, பனி இல்லையெண்டு சொல்றீர். அப்ப எங்கட பல்கனியில ஆர் மா அரிக்கிறது?"

வேறு யாரும் என்றால் போனை வைத்திருப்பார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அன்ரி, அரிசிமாவோ, தேங்காய்ப்பூவோ?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவன் வாசித்து முடிய, அஜின்கோர்ட்டில் இருந்தும் ரூஜில் இருந்தும் கிழடுகட்டைகள் எல்லாம் போன் எடுத்து, அவரவர் யன்னலுக்கு வெளியே விழுவதை றேடியோவிலேயே சொல்வோம். அரிசிமா என்றால் கடுங்குளிர்; பனி காய்ந்து, காலில் போட்ட சப்பாத்தில் ஒட்டாமல் பறக்கும். தேங்காய்ப்பூ என்றால் குளிர் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக விழும், அள்ளுகிறவனின் இடுப்பை முறிக்கும். சவ்வரிசி என்றால் ஐஸ் மணி. ஒருவரும் வெளிக்கிடக் கூடாது.

பின்னேரங்களில் படியேறி வந்து, என் மேசையில் பிளேன்ரீ குடித்தபடி பாடம் நடத்துவான். "மேகத்துக்குள்ள ஒரு தூசி மிதக்கும் அன்ரி. நீராவி அதில போய் உறைஞ்சு பிடிக்கும். பிறகு ஆறு பக்கமும் கிளை விட்டு வளந்து, பாரம் கூடினோடன விழும். நடுவில தூசி இல்லாட்டி லேசில பூ உண்டாகாது."

"அப்ப உது முழுக்க ஊத்தை. நீர் வெள்ளைப் பூ எண்டு பாட்டுப் படிக்கிறீர். சரி, சவ்வரிசி?"

"அதுவும் பூவாத்தான் வெளிக்கிடும். வழியில ஒரு சூட்டுக் காத்துக்குள்ள அம்பிட்டு உருகிப்போகும். கீழ குளிருக்குள்ள வரேக்க திரும்ப இறுகிடும்."

"கலியாணம் கட்டாமலே எல்லாம் விளங்கி வைச்சிருக்கிறீர்" என்றேன்.

கலியாணம்தான் அவனுக்குச் சரிவராமல் இருந்தது. "மழை வெயில் சொல்றதும் ஒரு உத்தியோகமோ?" என்று ஏற்கெனவே சில இடங்களில் திருப்பிவிட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்காமல் நானே நடுவில் புகுந்தேன். கோயிலில் பழக்கமான ஒரு ரூஜ் குடும்பம். பெட்டை வங்கியில் வேலை. படம் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. தகப்பன்தான் கல்லு. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, ஆளைப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றார். மார்கழி பிறக்க முன் நல்ல நாள் என்று மிஞ்சியிருந்தது ஒரு சனிக்கிழமை மட்டுமே. அது தவறினால் தை வரை பேச்சில்லை. அதற்குள் அவர் கைக்குள் வைத்திருந்த ஒரு கணக்காளர் மாப்பிள்ளைக்கு ஓம் சொல்லிவிடுவார். தம்பிக்கு அது தெரியும். அந்தக் கிழமை முழுக்க பிளேன்ரீக்குச் சீனி போட மறந்தே குடித்தான்.

வானிலை வாசித்த கையோடு தம்பி வீட்டுக்கு ஓடி வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை கொம்பியூட்டர் "லேசான பனி" என்றதாம். அவனும் பாட்டுப் போல வாசித்து முடித்தான். முதல் போன், ஒரு இளம் பெண்குரல்.

"ரூஜில இருந்து கதைக்கிறன். எங்கட டிரைவ்வேயில சவ்வரிசி. அப்பா காரை எடுக்கத் திறப்போட வாசல்ல நிக்கிறார், நல்ல நேரம் போகுதாம். நான் சொல்லிக் கேக்கிறார் இல்லை. றேடியோவைச் சத்தமா விட்டிருக்கிறன். ப்ளீஸ், யூ ரெல் ஹிம். நீங்களே சொல்லுங்கோ."

ஆர் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். றேடியோவில் கடதாசி சரசரக்கிற சத்தம் மட்டும் வந்தது. முள்ளுக்கரண்டி கழன்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

"அங்கிள்," என்றான் கடைசியில். "இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோ. றோட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். எந்த நல்ல காரியமா இருந்தாலும்… பிறகு பாக்கலாம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை அடித்தேன். "தம்பி, மோர்னிங்சைட்டிலயும் சவ்வரிசிதான். ரூஜில திறப்போட நிக்கிற ஐயா, ஒண்டு கேளுங்கோ. உங்களை வர வேண்டாமெண்டு சொன்னவருக்குத்தான் நீங்கள் வர வேணுமெண்டு எல்லாரையும் விடக் கூட விருப்பம். திறப்பைக் கீழ வைச்சிட்டுப் போனைத் தூக்குங்கோ."

ஸ்கார்பரோவில் பாதிச் சனம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கரகரத்த குரல் வந்தது. "திறப்பை வைச்சிட்டன் தம்பி. தையில வாறம். அதுமட்டும் நான் வேற இடம் பாக்கேல்ல. அந்த அன்ரியைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லும்."

தையில் வந்தார்கள். கலியாணத்தன்று தம்பி மணவறையில் இருந்தபடியே என்னைக் காட்டி, "நான் சொன்னனெல்லோ, இவதான் அந்தத் தூசி" என்று பெட்டையிடம் சொன்னான். ஊத்தை என்று சொன்னதற்குப் பழி வாங்கிவிட்டான்.

இப்போது அந்த நிகழ்ச்சி இல்லை. பேரப்பிள்ளைகள் போனைத் தடவி, பனி விழும் நேரத்தைக்கூடச் சொல்கிறார்கள். இன்று காலையும் நான் யன்னலடியில் நிற்க, ரூஜில் இருந்து தம்பியின் மனுசி போன் எடுத்தாள். "அன்ரி, உங்க பக்கம் என்ன விழுது?"

"தேங்காய்ப்பூ, பிள்ளை. உன்ர மனுசனை இடுப்பைப் பாத்து அள்ளச் சொல்லு."

சொல்லிவிட்டு, சரிந்து கிடந்த முள்ளுக்கரண்டியை நிமிர்த்தி வைத்தேன்.