சங்கு ஊதாத காலை

நுழைவுத்தேர்வு தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பிறகு வருபவரை உள்ளே விடக் கூடாது என்பது விதி. தேர்வரின் கைமீறிய காரணம் இருந்தால் தலைமைக் கண்காணிப்பாளர் தம் பொறுப்பில் அனுமதித்துவிட்டு அன்றே அறிக்கை அனுப்பலாம் என்பது அதே விதியின் இரண்டாவது வாக்கியம். பொதுவாகக் கண்காணிப்பாளர்கள் முதல் வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் தேநீர் வந்துவிடும். நானே அந்த இரண்டாவதை அரசு வேலையில் சேர்ந்த பிறகுதான் படித்தேன்.

இதையெல்லாம் கிளறிவிட்டது எதிர்வீட்டுப் பெண்ணின் கைபேசி அலாரம். ப்ளஸ் டூவுக்கும் நீட்டுக்கும் சேர்த்துப் படிக்கிறாள். பள்ளிப் பாடத்துக்குக் குயில் கூவுகிறது, நுழைவுத்தேர்வுக்கு வயலின் அழுகிறது. கதவு மெல்லிசு. இந்த வயதில் நானும் அவளோடு பாடம் மாறிக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு வாய்த்தது சங்கு. தண்டையார்பேட்டையில் இப்போது இந்த அடுக்ககம் நிற்கும் இடத்தில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்று இருந்தது. தெருவில் அதற்குப் பெயர் 'கம்பெனி'. ஷிப்டு மாறும்போதெல்லாம் அதன் சங்கு ஊதும். தெருவில் அடுப்பு எரிவதும் அணைவதும் அதைக் கேட்டுத்தான். என் தோழி ஷமீம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் என்றோ நின்றுபோயிருந்தது. சங்கு இருக்கும்போது சாவி கொடுப்பானேன் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கடிகாரம் சரியாகவே ஓடியது. ஆனால் நாங்கள் படித்ததோ ஷமீம் வீட்டு மொட்டைமாடியில்.

விடிகாலைச் சங்கிலிருந்து காலைச் சங்கு வரை பள்ளிப் பாடம். மாலைச் சங்குக்குப் பிறகு நுழைவுத்தேர்வு. பாடம் ஒன்றுதான், மூளைதான் இரண்டு வேண்டியிருந்தது. பள்ளியில் 'விளக்குக' என்றால் பக்கத்தை நிரப்ப வேண்டும். நுழைவுத்தேர்வில் விளக்க உட்கார்ந்தால் தொலைந்தோம். நான்கில் ஒன்றைத் தொட்டுவிட்டு ஓட வேண்டும். எனக்கு ஓட வரவில்லை. ஷமீம் பறப்பாள். காற்று திரும்பி மணலி உர ஆலைப் பக்கமிருந்து அமோனியா வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி மூஞ்ச சுளிக்கிற? கெமிஸ்ட்ரி பிராக்டிகல் வூடு தேடி வந்துகினு கீது" என்பாள்.

அவளுக்கு டாக்டராக வேண்டும். மரக்கடையில் கணக்கு எழுதிய அவள் அத்தா ஒரே ஒரு முறை நுழைவுத்தேர்வு எழுதச் சம்மதித்திருந்தார். கிடைக்காவிட்டால் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாரிடம் முடிவு வரும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தார்.

தேர்வு நாளன்று விடிகாலைச் சங்கு கேட்டு இருட்டிலேயே மாடியேறி, தெருவிளக்கு வெளிச்சத்தில் கடைசியாக ஒருமுறை புரட்டினோம். காலைச் சங்கு ஊதியதும் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. படித்தோம், படித்தோம், வெயில் ஏறியது. காசிமேட்டிலிருந்து மீன்கூடைகள் வந்து போய்விட்டன. ஷமீம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அத்தனை சந்தோஷமாகச் சொன்னாள்: "இன்னிக்கு நேரம் ரொம்ப நெறைய கீதுடி!"

அவள் அம்மா துணி உலர்த்த மேலே வந்தார். "அடிப் பாவிங்களா! இன்னும் இங்கயா கீறீங்க? கம்பெனில ஸ்ட்ரைக்காம், காலைச் சங்கே ஊதலியாம்!"

என் தேர்வு மையம் வண்ணாரப்பேட்டையில். மூச்சிரைக்க ஓடி அரை மணிக்குள் நுழைந்துவிட்டேன். ஷமீமுக்கு அடையாறு பக்கம். அவள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. சங்கு ஊதவில்லை என்று சொல்லியிருக்கிறாள். காவலாளி சிரித்துவிட்டாராம். "சங்கு ஊதாததுக்கு நான் இன்னா பண்ணுவேன்? நானா ஊதுறது? போம்மா, பேஜாரு பண்ணாத."

கைமீறிய காரணம் என்றால் அதைவிட வேறென்ன? ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு இரண்டாவது வாக்கியத்தை யார் வாசித்துக் காட்டுவது?

அன்று மாலை அதே மாடியில் அவளுக்காக ஒரு மனு எழுதினேன். என் முதல் மனு. மறுதேர்வு வேண்டும், இல்லையென்றால் என்ன வழி என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தோம். பிற்பாடு அலுவலகத்தில் பிறர் மனுக்களைக் கிடப்பில் போடும் கலையில் நானே தேர்ந்தேன் என்பது வேறு கதை. எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட எனக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷமீமின் அத்தா தபால்காரரை எதிர்பார்த்துச் சில மாதம் பொறுத்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கவில்லை. அவள் மணலி புதுநகருக்குப் போனாள்.

போனவள் கேலியை மட்டும் விடவில்லை. கல்யாணமோ கருமாதியோ, நாங்கள் சேர்ந்து கிளம்ப வேண்டிய நாளில் போன் செய்து, "சங்கு ஊதிச்சாடி?" என்று கேட்பாள். "ஊதிச்சு, கிளம்பு" என்பேன். ஆலை மூடி, புகைபோக்கியை இடித்து, இந்த அடுக்ககம் எழும்பிய பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போன மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள். இப்போது எதிர்வீட்டில் வயலின் அழும்போது கை தானாகப் போனைத் தேடுகிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. மனுவுக்குப் பதில் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்வை எழுத மனுதாரருக்குத் தடையேதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்று காலைச் சங்கு நேரத்துக்கு ஊதியிருந்தது. அந்த அடுத்த ஆண்டுத் தேர்வு நடந்த நாளும் அதுதான்.