பதினெட்டாவது கையெழுத்து

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்ப மனமில்லாதவர்கள் விட்டுவிடலாம். கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. கடத்தூர் பக்கம் பத்துக் கட்டில் போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பெண்கள் வார்டில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரக் கட்டிலில் சர்க்கரை வியாதிக்காரர் சின்னம்மாள், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வார்டு வேலை பார்க்கும் சாலம்மாள் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மருந்து மேஜை. அதன் முன்னால் நாற்காலியில் நர்ஸ் ஆக்சிலியா. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

மூன்றே பேர். ஆக்சிலியாவும் சாலம்மாளும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். சின்னம்மாள் மட்டும் நாலு பேர் என்கிறார்.

நர்ஸ் என்று எழுதிவிட்டேன். முறைப்படி ஆக்சிலியா இன்னும் நர்ஸ் ஆகவில்லை. படிப்பை முடித்து, பரீட்சையில் தேறி, பதிவுக்காக நர்சிங் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பதிவு நம்பர் கைக்கு வந்தால்தான் அவள் தனியாக ஊசி பிடிக்கலாம்.

இன்சுலினுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊசி போடுகிறவர் அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு நர்ஸ் குப்பியையும் சிரிஞ்சையும் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். பிறகு நோட்டில் முதல் கட்டத்தில் ஊசி போட்டவர் கையெழுத்து. இரண்டாவது கட்டத்தில் சரிபார்த்தவர் கையெழுத்து, பதிவு நம்பரோடு.

அங்கே பகலில் இருந்ததே ஆக்சிலியா ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் ரஞ்சித்குமார் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டாவது கட்டத்தக் காலியா வுட்டா இன்ஸ்பெக்சன்ல கேப்பாங்க பாப்பா. முன்ன இருந்த நிர்மலாதேவி சிஸ்டர் நம்பரப் போட்டுடு. அவங்கதான் போயிட்டாங்களே, வந்து கேக்கவா போறாங்க?"

"தப்பில்லீங்களா சார்?"

"உன் நம்பர் வர்ற வரைக்கும்தான."

அதுவரை அந்த நம்பரோடு பதினேழு முறை கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்றைக்கு மணி 12:10. ஃபிரிட்ஜைத் திறந்து, காலையில் வந்த புதுக் குப்பியை எடுத்தாள். சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை மருந்தை இழுத்தாள்.

"மெல்லக் குத்து கண்ணு," என்றார் சின்னம்மாள். "நேத்து குத்துனது எரும மாட்டுக்குக் குத்துன மாதிரி இருந்துச்சி."

சாலம்மாள் சிரித்தார். "அதான் சரிபாக்கறதுக்கு இன்னொரு சிஸ்டரு இருக்குதே. ஆளு வராது. கையெழுத்து மட்டும் தெனம் டூட்டிக்கு வந்துடும்."

12:14. மின்விசிறி நின்றது. கரண்ட் போகவில்லை. டியூப் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்பிரிட் வாசனை அடித்தது. யாரோ இப்போதுதான் கை துடைத்த மாதிரி...

12:15. "பத்து யூனிட்," என்றாள் ஆக்சிலியா. தினமும் சொல்வதுதான். பதில் வராது.

வந்தது.

"மூடி என்ன கலரு?"

பின்னாலிருந்து... காதுக்கு வெகு பக்கத்தில்.

சாலம்மாள்தான் என்று நினைத்து, "செவப்பு," என்றாள்.

"குப்பியப் படி."

படித்தாள். நூறு என்று போட்டிருந்தது.

சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லியில் நாற்பது யூனிட் இருக்கும் மருந்துக்கானது. நூறு யூனிட் இருக்கும் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி இழுத்தால் பத்து யூனிட் இருபத்தைந்து ஆகிவிடும். சின்னம்மாள் மயங்கிச் சாய்ந்தால், திரும்ப எழுந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

திரும்பினாள்.

யாரும் இல்லை.

சாலம்மாள் அதே ஸ்டூலில், பன்னிரண்டு அடி தள்ளி.

"நீங்க பேசுனீங்களாக்கா?"

"நான் எங்க பேசுனேன்?"

அந்த சிரிஞ்சை வீசிவிட்டு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சைத் தேடி எடுத்து, 12:24க்கு ஊசி போட்டாள். சின்னம்மாள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஒசரமான சிஸ்டரு போயிடுச்சா?"

"எந்த சிஸ்டர்?"

"உன் முதுகுக்குப் பின்னால நிக்குமே. நான் வந்து நாலு நாளாச்சி. நீ நோட்டு எழுதறப்பல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டே நிக்கும். இன்னிக்குத்தான் வாயத் தொறந்துச்சி."

ஆக்சிலியா மேஜைக்கு ஓடினாள்.

நோட்டில் முதல் கட்டம் காலி.

இரண்டாவது கட்டத்தில்... கையெழுத்து.

அதே நம்பர். நேரம் 12:15.

மை காயவில்லை.

மறுநாள் பழைய ஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். மாரண்டஹள்ளியிலிருந்து நிர்மலாதேவியின் கணவர் வீரமணி பேசினார்.

"நிர்மலாவா? அவ செத்து மூணு வருசம் ஆச்சுங்க. உங்க மேனேஜரு சொல்லலீங்களா? மாலையோட வந்துட்டுப் போனாரே."

கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வீரமணிக்குத் தோன்றவே இல்லையாம். ஆள் போன பிறகும் நம்பர் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது.

கவுன்சிலுக்கு எழுத ஆக்சிலியா வீட்டில் பேப்பரை எடுத்து உட்கார்ந்தபோது, அப்பா இன்னாசிராஜ் தடுத்தார். "அந்தம்மா செத்தத மட்டும் எழுது பாப்பா. நீ போட்டத எதுக்கு எழுதற? உன் நம்பரே வராமப் போயிடும்."

"வராமப் போனாலும் போவட்டும்ப்பா. இனிமேலும் நம்பரப் போட்டு அவங்களக் கூப்புட முடியாது."

முழுவதும் எழுதினாள். நோட்டின் நகலையும் சேர்த்தாள். கடைசிப் பத்தி இது. நான் என் கண்ணால் படித்தேன்:

'இதில் உள்ள பதினெட்டுக் கையெழுத்துகளில் பதினேழு நான் போட்டவை. அதற்குரிய நடவடிக்கைக்கு உட்படுகிறேன். பதினெட்டாவது என்னுடையது அல்ல.'

புதன்கிழமை காலை 10:40. தபால் ஆபீஸ். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் போட அவளுக்கு நம்பர் இல்லை. உறையின் வாயில் கோந்து தடவி, ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

பதிவுத் தபாலில் போகட்டும் என்று சொல்லி, ஜன்னலுக்குள் தள்ளினாள்.