ராசியான கை

செஞ்சியில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்த அசீசுன்னிசாவுக்குப் பெருமையெல்லாம் வாசலில் நின்ற கப்பலரளி மரம்தான். தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை.

எண்பத்து நாலில் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஒரு கிளை கேட்டாள். வெட்டிய கிளையைப் பால் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்துத்தான் நடவேண்டும். அதைச் சொல்ல மகராசிக்கு மனசு வரவில்லை.

"இன்னிக்கே நட்டுத் தண்ணி ஊத்து" என்றாள். கிளை அழுகிப்போனது.

"என் கைதான் ராசியில்லாத கைக்கா" என்று பூங்காவனம் கலங்கினாள். அசீசுன்னிசா குனிந்து ஊசியில் நூல் கோர்த்தாள்.

ஆடியில் பூங்காவனம் அவரை விதையோடு வந்தாள். "உன் கையால போடுக்கா. நான் தொட்டா வெளங்காது."

பந்தல் கொள்ளாமல் காய்த்தது. அதன்பின் விதை ஊன்ற அசீசுன்னிசாவைத் தெருவே கூப்பிட்டது. கை கூசக் கூசப் போனாள்.