செத்த மாட்டுக்கு நாற்பத்து நான்கு செவ்வாய்

உட்காருவதில் என் பெரியம்மாவை வெல்ல இந்தப் பூமியில் ஆள் கிடையாது. மலை உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். பெரிய மழை பெய்தால் மலைகூட இரண்டு கல்லை உருட்டிவிடும். கடல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது என்பார்கள். அதுவும் கரைக்கு வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. பெரியம்மா செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கடன் கூட்டத்தில் உட்கார்ந்தாள் என்றால், பூமி சூரியனைச் சுற்றுவதை விட்டுவிட்டு அவளைச் சுற்ற ஆரம்பித்தாலும் அப்படியே இருப்பாள். கொட்டாவிகூட விடமாட்டாள்.

கூட்டம் நடப்பது டைலர் அக்கா வீட்டு முன்அறையில். டைலர் அக்காதான் குழுவுக்குத் தலைவி. பத்துப் பெண்கள், ஒரு நீளப் பிளாஸ்டிக் பாய், மூலையில் தையல் மிஷின், சுவரில் மூன்று பேருடைய அளவு ஜாக்கெட். லோன் சார் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்வார். இருபத்தாறு வயது இருக்கும். கையில் டேப்லெட், தோளில் பை, கழுத்தில் அவர் போட்டோவையே அவர் மாட்டியிருப்பார், தொலைந்துபோனால் கண்டுபிடிக்க. பத்துப் பேரின் தவணையும் சேர்ந்தால்தான் பாயைச் சுருட்டலாம். ஒருத்திக்குக் குறைந்தால் பத்துப் பேரும் எழுந்திருக்க முடியாது. சட்டம் அவ்வளவுதான். இதைப் படித்த பெரியவர்கள் யாரோ எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். பாயில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்.

பெரியம்மாவுக்கு அரை ஏக்கர் நிலம். அதில் பாகல் பந்தல், ஓரத்தில் கொஞ்சம் கத்தரி. பெரியப்பா லாரியில் கிளீனராகப் போனார். போனவர்தான். முதல் வருடம் போன் வந்தது, இரண்டாம் வருடம் மிஸ்டு கால் வந்தது, மூன்றாம் வருடம் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். பெரியம்மா அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, பந்தலுக்குத் தண்ணீர் கட்டப் போனாள். அழுதாளா என்று என்னைக் கேட்டால், தெரியாது. எனக்கு அப்போது பத்து வயது. துணி மில்லில் வேலை செய்யும் அம்மா என்னைப் பெரியம்மாவிடம் விட்டது அந்த வருடம்தான். யாருக்கு யார் துணை என்று அம்மா தெளிவாகச் சொல்லவில்லை.

பாகல் மட்டும் போதாது என்று போன வருடம் மாட்டுக் கடன் எடுத்தாள். முப்பதாயிரம். வாரம் அறுநூற்றுத் தொண்ணூறு, ஐம்பத்திரண்டு வாரம். பாலை விற்றுத் தவணை கட்டலாம், சாணம் பந்தலுக்கு ஆகும். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடும்போது வழக்கம்போல் தன் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டாள். எப்போதுமே விட்டுவிடுவாள். அதையாவது மிச்சம் பிடிக்கிறாள் என்பார் டைலர் அக்கா.

மாடு வந்தது. செம்பழுப்பு நிறம், ஒரு கொம்பு மட்டும் தரையைப் பார்த்து வளைந்திருக்கும். பெரியம்மா அதற்குப் பெயர் வைக்கவில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிடுவாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் "ஏய்" என்றால் நாங்கள் இரண்டு பேரும் திரும்புவோம். பெரும்பாலும் மாட்டைத்தான் கூப்பிட்டிருப்பாள்.

இன்சூரன்ஸுக்காக அதன் இடது காதில் மஞ்சள் டேக் குத்தினார்கள். பன்னிரண்டு இலக்க நம்பர். குத்தும்போது பெரியம்மாதான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதாம்மா மாடு," என்றார் லோன் சார், டேக்கைத் தொட்டுக் காட்டி. "மத்ததெல்லாம் சும்மா. மாடு செத்துப்போனா இந்த டேக்கோட போட்டோ எடுத்து அனுப்பினா போதும், கம்பெனியே கடனைக் கட்டிடும்."

"நல்ல கம்மல்," என்றார் டைலர் அக்கா. "நமக்குக் குத்தினா நமக்கும் கட்டுவாங்களா சார்?"

லோன் சார் சிரித்தார். பெரியம்மா மாட்டின் காதிலிருந்து வழிந்த இரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வாரம் பால் நன்றாகக் கறந்தது. எட்டுத் தவணையும் பாலிலேயே போனது. எட்டாவது செவ்வாய் முடிந்து வியாழக்கிழமை காலையில் மாடு வயிறு உப்பிக் கிடந்தது. ஈரப் புல்லை நிறையத் தின்றுவிட்டது என்றார் மாட்டு டாக்டர். அவர் வந்து அதைச் சொல்லும்போது மாடு செத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெரியம்மா அதன் வளைந்த கொம்பின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொல்வதற்கெல்லாம் "ம்" என்றாள். பால்காரர் வந்து, "இன்னைக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்டதற்கும் "ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை லோன் சார் வந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். காதில் ஓட்டை இருந்தது. டேக் இல்லை.

"டேக் எங்கம்மா?"

பெரியம்மா மாட்டின்மேல் மொய்த்த ஈயை ஓட்டினாள். நான்தான் சொன்னேன். "வேலியில மாட்டி எங்கேயோ விழுந்துடுச்சு சார். அது எப்பப் பாத்தாலும் வேலியில காதைத் தேய்ச்சிட்டே இருக்கும்."

தேய்த்துக்கொண்டே இருந்தது உண்மை. குத்தின இடத்தில் புண் வந்து, சீழ் வைத்து, ஈ மொய்த்தது. நாள் முழுக்கத் தலையை உதறிக்கொண்டே நிற்கும்.

"டேக் இல்லேன்னா இது வேற மாடும்மா," என்றார் லோன் சார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை.

டைலர் அக்கா இடுப்பில் கையை வைத்தார். "வேற மாடா? அப்போ எங்க மாடு எங்க சார் இருக்கு?"

"சிஸ்டத்துல இருக்குக்கா."

"உயிரோடவா?"

"உயிரோடதான் காட்டுது."

"அப்படின்னா அங்கேருந்து ரெண்டு லிட்டர் கறந்து குடுங்க சார், இவ கட்டட்டும்."

நான் வெளியே போய் சாரின் பைக்கை முன்னும் பின்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்க அப்படி ஒன்றும் இல்லை. சார் இரண்டு நாள் எங்களோடு சேர்ந்து வேலி ஓரமெல்லாம் டேக்கைத் தேடினார். நல்ல மனிதர்தான். புதுச் செருப்பில் முள் ஏறியது. டேக் கிடைக்கவில்லை, கம்பெனி முடியாது என்று எழுதிவிட்டது. மீதி நாற்பத்து நான்கு வாரம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. செவ்வாய் வரும். பெரியம்மா ஏழரைக்குக் கிளம்புவாள். பாயில் அவளுக்கென்று ஓர் இடம், கடைசியில், வாசலுக்கு நேராக. உட்கார்ந்தால் வாசலைப் பார்த்தபடி இருப்பாள். பெயரைக் கூப்பிட்டால் பணத்தை நீட்டுவாள். யார் பேசினாலும் திரும்ப மாட்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் இருக்கா, இல்ல இவளும் சிஸ்டத்துலதான் இருக்காளா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா அவர்கள் சிரித்து முடிக்கக் காத்திருந்தாள்.

வீட்டிலும் அப்படித்தான். சோறு வடிப்பாள், சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள். மாடு கட்டிய இடத்தில் முளைக்குச்சி அப்படியே நின்றது. கயிற்றையும் அவிழ்க்கவில்லை. நான் அவளைச் சிரிக்கவைக்க ஆனமட்டும் பார்த்தேன். கத்தரிக்காய்க்குக் கண் மூக்கு வரைந்து லோன் சார் மாதிரி கழுத்தில் அட்டை மாட்டி அடுப்பு மேல் உட்காரவைத்தேன். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காயை நறுக்கினாள். அவளுடைய செருப்பை இடது வலது மாற்றி வைத்தேன். மாற்றிப் போட்டுக்கொண்டே கூட்டத்துக்குப் போய் வந்தாள்.

பாகல் விலை பாதி நாள் நன்றாக இருக்கும், பாதி நாள் பறிக்கிற கூலிக்குக்கூட வராது. குறைகிற வாரங்களில் பெரியம்மா மற்றவர்கள் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். நானும் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டுக் காய் பறிக்கப் போனேன். எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் நின்றுவிட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கணக்கு வராது என்பது உண்மை. ஆனால் நாற்பத்து நான்கை அறுநூற்றுத் தொண்ணூறால் பெருக்கினால் முப்பதாயிரத்து முந்நூற்று அறுபது என்று மட்டும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

இருபத்து மூன்றாவது வாரம் அடைமழை. பந்தல் பாதி சாய்ந்து காய் அழுகிவிட்டது. அன்றைக்குப் பெரியம்மாவிடம் முந்நூற்றுப் பத்துதான் இருந்தது. நீட்டினாள். லோன் சார் எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னும் முந்நூத்தி எம்பது, பெரியம்மா." எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் பெரியம்மா என்றே கூப்பிடப் பழகியிருந்தார்.

"இல்லப்பா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணி. ஒன்பதரை. ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்றாள். ஒருத்தி அடுப்பில் பால் இருக்கிறது என்றாள். "உனக்காச்சும் பால் இருக்கே," என்றாள் இன்னொருத்தி. லோன் சார் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு இன்னும் ஆறு கூட்டம் பாக்கி, ஆபீஸிலிருந்து போன்மேல் போன் வந்தது. ஒவ்வொரு முறையும் "இதோ சார், முடிஞ்சது சார்" என்றார். பெரியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சாரின் பைக், அதன்மேல் மழை.

பதினொரு மணிக்கு டைலர் அக்கா மிஷின் டிராயரை டமாரென்று இழுத்தார். "போதும்டி. இவகிட்ட உக்கார்ற போட்டி போட்டா நம்ம பேரப்புள்ளைங்க வந்துதான் நம்மளைத் தூக்கிட்டுப் போகணும். ஆளுக்கு நாப்பது போடுங்க. மிச்சத்தை நான் போடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். போடும்போது ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். செத்த மாட்டுக்கு நாங்களும் தீவனம் போடணுமா என்று ஒருத்தி. பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஒன்பது நாள், ஒரு நாளைக்கு ஒருத்தி தோட்டம் என்று போய், ஒவ்வொருத்திக்கும் அரை நாள் களை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை. டைலர் அக்காவுக்குத் தோட்டம் கிடையாது. அங்கே போய் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தாள். இருபது ஜாக்கெட். எல்லாக் கொக்கியையும் இடம் மாற்றித் தைத்துவிட்டாள் என்றும், மறுபடி பிரிக்க ஒரு நாள் ஆனது என்றும் அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன செவ்வாயோடு ஐம்பத்திரண்டு முடிந்தது. லோன் சார் ஒரு தாள் கொடுத்தார், கடன் தீர்ந்தது என்று. கூடவே இன்னொரு தாளையும் நீட்டினார்.

"இப்ப உங்க ரெக்கார்டு சுத்தம், பெரியம்மா. நாப்பதாயிரம் வரைக்கும் தருவாங்க. இன்னொரு மாடு வாங்கலாம். இந்த வாட்டி மட்டும் டேக்கைப் பத்திரமா பாத்துக்குங்க."

பெரியம்மா அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இதையெல்லாம் டைலர் அக்காவின் பழைய அளவு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். எழுதினவரை நேற்றுச் சாயங்காலம் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மலை, கடல் எல்லாம் வந்தது. முறம் நிற்கவில்லை. பெரியப்பா வந்தார். நிற்கவில்லை. மாடு செத்தது, லோன் சார் காதைத் தூக்கினார், நான் வேலி என்று சொன்னேன். முறம் நின்றது.

"வேலின்னா எழுதியிருக்கே?"

"ஆமா. அப்படித்தானே சொன்னேன்."

"சொன்னே. எழுதறதும் அதையேவா?"

நான் நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் யாருடைய கை அளவோ இருந்தது.

"டேக்கு அந்த லோன்காரன் வண்டியில இருந்துச்சு," என்றாள் பெரியம்மா. "பின்னாடி, நம்பர் பிளேட்டுக்குக் கீழ. கட்டிவிட்டிருந்தே."

"புண்ணு வந்துடுச்சு பெரிம்மா. அதான் கட்டரால வெட்டி எடுத்தேன். வெளையாட்டுக்குத்தான் அவரு வண்டியில..."

"தெரியும். மருந்து டப்பாவைப் பாதி காலி பண்ணி வெச்சிருந்தே."

"எப்படித் தெரியும்?"

"நான் எங்க உக்காருவேன்? வாசலுக்கு நேரா. அவன் வண்டியை எங்க நிறுத்துவான்? எனக்கு நேரா. மூணு செவ்வாய் பாத்தேன். அவன் வண்டியை எடுக்கறப்பெல்லாம் அது காது மாதிரியே ஆடும். இவனைத்தான் இன்சூரன்ஸ் பண்ணியிருக்காங்கன்னு நெனைச்சுக்குவேன்."

முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல, பெரிம்மா? எடுத்துக் குடுத்திருப்பேன்ல? அது எந்த ரோட்டுல விழுந்துச்சுன்னுகூடத் தெரியாது."

"சொன்னா கழட்டிடுவே."

முறத்தை மறுபடி எடுத்தாள். இரண்டு தடவை புடைத்தாள். பதர் பறந்து கயிற்றின்மேல் விழுந்தது.

"வேலியை அடிச்சிட்டு எழுது. கம்பின்னு எழுது. டேக்கை நீ கட்டினது நம்ம பந்தல் நீலக் கம்பியில. நீ வெட்டின எடத்துலதான்டி மழையில பந்தல் சாஞ்சுது."