கை சொன்ன எடை

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து, தெரிந்தவரோ தெரியாதவரோ, யாருக்கு அந்த ஆபரேஷன் என்றாலும் கூப்பிடாமலேயே போய் நின்று ஆலோசனை சொல்வேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேறு. நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு நோட்டை எடுத்து எழுதத் தோன்றும். அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்த தங்கைக்கே ஆபரேஷன் என்றால் கேட்க வேண்டுமா? நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு அவள் வீட்டில் போய் இறங்கிவிட்டேன்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்கு என் மேல் எரிச்சல் வந்துவிடும்.

அவளுக்கு வேலை பார்சல் ஆபீசில். எடை போடும் கவுண்டரில் இருபத்தோரு வருடம். மரத்தில் செய்த உயரமான ஸ்டூல், எதிரே எண்கள் ஒளிரும் எலக்ட்ரானிக் தராசு, பக்கத்தில் ஒட்டும் டேப், சணல் கயிறு. பார்சலை வாங்கியதும் அவள் நேராகத் தராசில் வைக்க மாட்டாள். ஒரு கணம் கையில் ஏந்தி, உதட்டுக்குள் ஏதோ சொல்லிவிட்டு அப்புறம்தான் வைப்பாள். உதடு சொன்னதும் தராசு சொன்னதும் பத்து கிராமுக்கு மேல் விலகியதில்லை. ஒரு நாள் தராசு பழுதாகி, கூட்டம் வாசல் வரை நின்றபோது, அன்றைய பார்சல்கள் அத்தனைக்கும் அவள் கைதான் எடை சொன்னது. மறுநாள் மேலதிகாரி சந்தேகப்பட்டு நாலைந்தைத் திரும்ப நிறுத்துப் பார்த்துவிட்டு, பிசகு எதுவும் இல்லாமல் தன் அறைக்குப் போய்விட்டார். ஆபீசில் அவளுக்கு 'தராசு' என்றே பெயர்.

"எப்படிடி முடியுது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கைக்கு எடை தெரியாதுக்கா. முன்னாடி தூக்கினதுக்கும் இப்பத் தூக்குறதுக்கும் உள்ள வித்தியாசந்தான் தெரியும்" என்றாள்.

ஊரார் சுமையை எல்லாம் கிராம் பிசகாமல் சொல்கிறவள், தன் சுமையை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டாள். கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு வருடமாக மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. அடர்ந்த நிறத்திலேயே உடுத்திக்கொண்டு, ஸ்டூலில் டவலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். ஒரு மத்தியானம் பார்சலை ஏந்தியபடியே சரிந்து விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உடம்பில் பாதி ரத்தம் இல்லை என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தியதற்கு, "எல்லாருக்கும் வர்றதுதானேன்னு நெனச்சேன்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "லேசா ரத்தம் படும். ப்ரவுனா மாறும், கொறஞ்சுக்கிட்டே வரும். கூடினா உடனே எங்களைக் கூப்பிடணும். கனமா எதையும் தூக்கக் கூடாது. ஒரு கெட்டில் தண்ணி, அதுக்கு மேல வேண்டாம்."

"கெட்டிலோட சேத்தா, தண்ணி மட்டுமா?" என்று தங்கை கேட்டாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எல்லாம் சேத்து ரெண்டு கிலோ."

அவள் வீடு மூன்றாம் மாடியில். அவள் கணவருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிற மனுஷன் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில். நான் எத்தனை தடவை சொல்லிக் காட்டினாலும், "மாடி ஏறினா உடம்புக்கு நல்லதுக்கா" என்பதுதான் பதில். அன்று மனைவியை ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவருக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

முதல் வாரம் என் ராஜ்ஜியம். எழுந்திருக்காதே, குனியாதே, இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள், தண்ணீர் குடி. அவளும் சொன்னதைக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் அவளுக்கு அது முடிந்த முடிவு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பழக்கம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாப்கினை மாற்றிவிட்டு, பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போடுவதற்கு முன் ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள்.

"அதுக்கும் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பப் போறியா?" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள், ஆபீசில் பக்கத்துக் கவுண்டரில் வேலை செய்கிறவள் பார்க்க வந்தாள். நல்ல மனசுக்காரி, வாய்தான் ஓயாது. ஆபீசில் எல்லாரும் சேர்ந்து வாங்கிய போர்வை, பழம், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்தவள் பெட்டியை மேஜையில் வைத்தாளா? இல்லை. இருபது வருடப் பழக்கம், கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் நேராக நீட்டி, "எவ்வளவு, சொல்லு பாப்போம்!" என்றாள். தங்கையின் கையும் பழக்கத்தில் தானாக நீண்டு வாங்கிவிட்டது.

"நாலு இருநூறு" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் தேநீரைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டாள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பெட்டிதான் காரணம் என்று பல நாள் அவளைக் கரித்துக் கொட்டினேன். பழி போட ஒரு ஆள் கிடைத்தால் அதில் எவ்வளவு நிம்மதி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணி. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னைக்குக் கூடுதலாப் படுது. செவப்பா இருக்கு."

"தையல் கரையுற நேரம்டி. எனக்கும் இதே பன்னெண்டாம் நாள் வந்துச்சு. அரை நாள்ல நின்னுடுச்சு."

நான் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு வந்தது, நின்றது. அவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பத்தேகாலுக்கு மறுபடி எழுந்து போனாள். வந்து என் முன்னால் நின்றாள்.

"காலைல முப்பது கிராம் இருந்துச்சு. இது எழுபது."

"வீட்டையும் பார்சல் ஆபீசாக்காத. பேசாமக் காலை உயரத் தூக்கி வச்சுப் படு. பயந்தா இன்னும் போகும். எனக்குத் தெரியாதா?"

முப்பது, எழுபது. இருபத்தெட்டு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எண்களை வரிசையாக எழுதி, அடுத்தது என்ன என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட யோசித்துப் பதில் சொல்லும். என் காதில் அது ஏறவே இல்லை. எனக்கு நின்றது, அதனால் அவளுக்கும் நிற்கும். அவ்வளவுதான் என் கணக்கு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அக்காவும் தங்கையும் ஆனாலும் அதேதான் என்பதை அன்று மறந்துபோனேன்.

பதினொரு மணிக்கு அடுப்படியில் சூப்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, போனைப் பிடிக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"லேசா ரத்தம் படுறது சகஜந்தாம்மா" என்றது வார்டு நர்சின் குரல். "ரொம்ப அதிகமாவா போகுது?"

"அதிகமா கொஞ்சமான்னு எனக்குச் சொல்லத் தெரியல சிஸ்டர். நாப்கின் எடை பத்து கிராம். அதைக் கழிச்சா, ஒம்பது மணிக்கு இருபது. பத்தேகாலுக்கு அறுபது. இப்ப நூத்தி இருபது."

அந்தப் பக்கம் காகிதத்தில் எழுதும் சத்தம் கேட்டது.

"தராசுல வச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல, கையில. நான் பார்சல் ஆபீஸ்ல எடை போடுறவ."

"கூட யாராவது இருக்காங்களா? இப்பவே கெளம்புங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். அந்த நாப்கினையெல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

அப்போதுதான் விரிப்பைப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நல்ல வேளை, மாப்பிள்ளை இரண்டு தெரு தள்ளித்தான் வேலையில் இருந்தார். ஓடி வந்தார். கீழ்வீட்டுத் தச்சரைக் கூட்டிக்கொண்டு, அவளைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "பாத்துங்க" என்று தச்சர் மூச்சு வாங்கினார். "எவ்வளவும்மா இருப்பீங்க?"

"அம்பத்தி மூணு" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நாற்காலி ஆறு."

மாப்பிள்ளை அழுதுகொண்டே சிரித்தார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

தையல் போட்ட இடத்தில் கிருமி சேர்ந்து, ரத்தக்குழாய் ஒன்று மறுபடி திறந்துகொண்டிருந்தது. வண்டியிலேயே இன்னும் நிறையப் போயிருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது அவள் உதடு வெள்ளைக் காகிதமாக இருந்தது. எங்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே மேஜையில் ஒரு நர்ஸ் நான் கொண்டுவந்த பையைப் பிரித்து, நாப்கின்களைச் சின்னத் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். குறித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தாள். இன்னொரு நர்சைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மூணும் சேத்து இருநூத்தி முப்பது வரணும். இருநூத்தி இருபத்தாறு இருக்கு" என்றாள். அதில் வியப்பு இருந்தது. என் தங்கை ஒன்பது மணிக்கே சொன்னாள். பத்தேகாலுக்கும் சொன்னாள். இரண்டு தடவையும் தட்டிக் கழித்தேன். அரை வைத்தியர்களைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். அதில் ஒருத்தி நான்தான் என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து, தைத்தாயிற்று, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, பிழைத்துக்கொண்டாள் என்றார். போன உயிர் வந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கியதாலா என்று மறக்காமல் கேட்டேன். "அது எப்படிங்க சொல்ல முடியும்? எதனால வேணா வரும். நேரத்துக்கு வந்தீங்க பாருங்க, அதுதான் பெரிசு. இன்னும் ஒரு மணி நேரம் வீட்லயே வச்சிருந்தீங்கன்னா நான் என்ன சொல்லியிருப்பேனோ" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் அவளுக்கு எதுவுமே சொல்லவில்லை. எப்படி இருக்கு என்று கேட்டேன், சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். இருபது, பதினைந்து, பன்னிரண்டு என்று ஒவ்வொரு நாளும் அவளே வந்து சொன்னாள். எனக்கு அந்த எண்கள் குறைவதைக் கேட்டால்தான் சாப்பாடு இறங்கியது. ஐந்தாம் வாரம் ஒரு காலை, "பத்து" என்றாள். வெறும் நாப்கினின் எடை. அடுப்படிக்குள் போய், அவள் பார்க்காமல் அழுதேன்.

எட்டாம் வாரம் கடைசிப் பரிசோதனை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் ஆறிவிட்டது, அஞ்சு கிலோ வரைக்கும் தூக்கலாம், வேலைக்கும் போகலாம் என்றார். "எடுத்தது எவ்வளவு இருந்துச்சு டாக்டர்?" என்று தங்கை கேட்டாள். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டி, "அறுநூத்தி நாப்பது கிராம்" என்றார். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திப் பார்த்தாள்.

"ஒரு கிலோவுக்கு மேல இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்."

"சுமந்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்ற டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அந்த டீச்சர் அக்கா? அன்னைக்கு எங்களுக்குப் போன் பண்ணுன்னு சொல்லி வற்புறுத்தினது நீங்கதான்னு உங்க தங்கச்சி சொன்னாங்க. வார்டு பூரா உங்களைப் பத்தித்தான் பேச்சு."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மூலையில் இருந்த எடை மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வருடத்தில் பத்து கிராம்கூட மாற்றிச் சொல்லாதவள். இல்லை டாக்டர், பேசாமல் படு என்றவளே நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

வெளியே படியில் இறங்கும்போது கேட்டேன். "ஏண்டி அப்படிச் சொன்ன?"

"மயக்கம் தெளிஞ்சதும், யாரு போன் பண்ணச் சொன்னதுன்னு கேட்டாங்க. நீ கதவு பக்கத்துல நின்னுட்டிருந்த. உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஏன் பேசாமப் படுத்திருந்த? கை சொல்லிடுச்சே உனக்கு?"

"கை சொல்லுச்சு" என்றாள். "நீ வேற மாதிரி சொன்னியேக்கா. நீ சொன்னா நான் எப்ப மாத்திச் செஞ்சிருக்கேன்?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும். மடியில் கிடந்த என் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தேற்றவில்லை. குனிந்து, என் மடியிலிருந்து பையை எடுத்தாள். நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன். தர மாட்டேன் என்று நகர்ந்துகொண்டாள். ஒரு கணம் ஏந்திப் பார்த்தாள். கவுண்டரில் அசைகிற மாதிரியே அந்த உதடு அசைந்தது.

"மூணே முக்கால்" என்றாள். "வா, போலாம். நான் தூக்கிட்டு வரேன்."