வெள்ளை விரிப்புக்குத் தோதான கேமரா

என் வீட்டுக்காரர் செல்லப்பா எதை வாங்கினாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். கேமரா வாங்கப் போனபோதும் அப்படித்தான். "இருட்டுல தெரியுமா?" என்றார். கடைக்காரன், "நல்லவண்ணம் காணும் சேட்டா" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மட்டாஞ்சேரியில் எங்களுடையது சலவைக்கடை. பின்பக்க முற்றம் முழுக்கக் கொடிகள். லாட்ஜ் விரிப்புகள் ராத்திரியும் அதில்தான் காயும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து விரிப்புகள் காணாமல் போயின. நாங்கள் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகுவோம். பழக்கமில்லாதவன் இழுத்தால் துணி கிழிந்துவிடும். ஆனால் எதுவும் கிழியவில்லை. அதனால் எடுத்தது கொடி தெரிந்த ஆள்தான் என்று இவர் முடிவுகட்டிவிட்டார்.

எங்களை விட்டால் கொடி தெரிந்தவள் வசந்தி. அக்கரையிலுள்ள வைப்பினிலிருந்து முதல் படகில் வந்து கேட்டைத் திறப்பவளும் அவள்தான். என் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களுக்கு இஸ்திரி போடுகிறாள்.

"அவளையா சொல்றீங்க? நாக்கு அழுகிடும்" என்றேன்.

"நான் சொல்லலை. கேமரா சொல்லட்டும்" என்றார்.

அது சொன்ன லட்சணத்தைக் காலையில் போனில் பார்த்தோம். கேமராவிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் முன்வரிசை விரிப்புகளில் பட்டு அப்படியே திரும்பி அடித்திருந்தது. திரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரே கறுப்பு. ஓரத்தில் மட்டும், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உருவம் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தது. முகமே இல்லை.

வசந்தி வேலை நேரத்தில் சேலைக்கு மேல் ஒரு பழைய வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வாள். இந்த மனுஷன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நீதானே?" என்று கேட்டுவிட்டார்.

அவள் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

மறுநாள் ஒரு விரிப்பைப் பையில் திணித்துக்கொண்டு நானே கேமராக் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னாலிருந்த இருட்டு அறையில் விரிப்பைக் கட்டச் சொல்லி, பக்கத்தில் நானே நின்றேன்.

"இது எந்தா சேச்சி கூத்து?" என்றான் கடைக்காரன்.

"நீ ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டு" என்றேன்.

எல்லாம் அதே சுண்ணாம்புச் சுவர்தான். ஆனால் திரையில் என்னைப் பார்த்ததும் குனிந்து என் சேலையைப் பார்த்துக்கொண்டேன். நான் கட்டியிருந்தது கறுப்புச் சேலை. திரையில் அது வெள்ளையாக இருந்தது. அப்படியானால் அந்த வெள்ளைச் சட்டை?

கடைசியாக ஒன்றை எடுத்தான். அது தானாக வெளிச்சம் அடிக்காது. கதவிடுக்கில் வரும் வெளிச்சமே அதற்குப் போதும், நிறத்தோடு காட்டும் என்றான். விரிப்பு விரிப்பாகத் தெரிந்தது. சேலை கறுப்பாகவே இருந்தது.

"இதை ஏன் அவர்கிட்டக் காட்டலை?"

"சேட்டன் சோதிச்சில்லல்லோ." இவர் கேட்கவில்லையாம்.

யாரைத் திட்டுவது?

அதையே வாங்கிவந்து மாட்டினோம். எங்கள் முற்றத்தில் தெருவிளக்கின் வெளிச்சம் கொஞ்சம் விழும். அதுவே போதுமாக இருந்தது. அந்த வாரமே ஆள் சிக்கினான். கறுப்புச் சட்டை, பளிச்சென்று முகம். லாட்ஜ் வேன் ஓட்டுகிற விக்கி. மழை வந்தால் ஓடிவந்து துணி எடுக்க உதவுவான். முறுக்கை அவிழ்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். கொடி தெரிந்தவர்கள் யார் யார் என்று யோசித்தபோது லாட்ஜ் ஆள் இவருக்கு நினைவுக்கே வரவில்லை. நம்மிடம் வேலை செய்கிறவள் மட்டும் உடனே வந்தாள்.

படகேறி வைப்பினுக்குப் போனோம். வாசலிலேயே இவர் போனை எடுத்து நீட்டினார். "விக்கிதான் வசந்தி. இப்பத் தெளிவாத் தெரியுது, பாரு."

அவள் பார்த்தாள். "சரி அண்ணே. இதுலயும் ஆள் தெரியாமப் போயிருந்தா?"

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் கொண்டுபோன வெள்ளைச் சட்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வேலைக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.