வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை ஒரு "ம்"

கடந்த வைகாசியில் முல்லைத்தீவில் என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபூரல் வைத்திருந்தார். வவுனியாவிலிருந்து பஸ்ஸிலும் போயிருக்கலாம். ஆனால் எங்களிடம் ஒரு புதுச் சாமான் இருந்தது. ஹெல்மெற்றில் பூட்டுகிற இன்ரர்கொம். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவரும் பின்னால் இருப்பவரும் காற்று இரைச்சலுக்குள் கதைத்துக்கொள்ளலாம். சோடி பதினெட்டாயிரம் ரூபாய். இதை வாங்கி இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், கொஞ்சம் எனக்காகவும்.

வாங்கிய காரணம் என் கணவருடைய காது. இடது காது கடைசிச் சண்டையில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்த அன்றே போய்விட்டது. மிச்ச வருடமெல்லாம் வலது காதை வைத்துத்தான் சமாளித்தார். தை மாதம் தனியாக யாழ்ப்பாணம் போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து, "வலது நல்லாயிருக்காம்" என்றார். ஆனாலும் ஓடும்போது நான் சொல்லும் எதுவும் அவருக்கு எட்டுவதில்லை. எனக்கோ வாயை மூடினால் மூச்சு முட்டும். பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு என் கதையைக் கேட்க அவரை விட்டால் ஆளில்லை.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வலது ஸ்பீக்கர் அவருடைய காதோடு ஒட்டும்படி பஞ்சு வைத்துப் பூட்டி, சத்தத்தை உச்சத்தில் விட்டுத் தந்தார். "கதைக்கிறதுக்கு ரெண்டு விதம் இருக்கு தங்கச்சி. பட்டனை அமத்திக் கதைக்கலாம். இல்லாட்டி, குரல் வந்தவுடன மைக் தானாத் திறக்கும். ஓடுறவருக்கு ரெண்டாவதுதான் நல்லம்" என்றார். அப்படியே வைத்தோம்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மாங்குளம் வரை ஏ-9 வீதி, ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர், குண்டு குழி இல்லை. ஓமந்தை தாண்டியதும் தொடங்கினேன்: மச்சாள் தெரிவுசெய்த மாபிள் நிறம், மகன் போனில் சொன்னது, பக்கத்து வீட்டுக் கிணற்றுப் பிரச்சினை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் கதை சொன்னால் கேட்கிறவர் "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அதோடு நிற்கும், அதற்கு மேல் சொல்வது வெட்கம். புளியங்குளத்தில் நானும் நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தும் அவர் ஒதுங்கவில்லை. முழங்காலால் இடித்தபிறகுதான் ஒதுங்கினார்.

மாங்குளத்தில் தேத்தண்ணிக் கடையில் இறங்கி, அவர் முகத்தைப் பார்த்து, "செவிடன் காதில சங்கூதின மாதிரியெல்லோ கிடக்கு" என்று பகிடி விட்டேன். அவரும் சிரித்தார்.

"நான் ம் எண்டுகொண்டுதானே வந்தனான்" என்றார்.

நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா ம் எண்டால் மைக் அதைக் கதையெண்டு எடுக்காது தங்கச்சி. செற்றிங்குக்குள்ள போய் அவற்ற மைக்கின்ர உணர்வைக் கடைசிமட்டும் கூட்டி விடுங்கோ."

கூட்டினேன். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் இருபது கிலோமீற்றர், வழியில் காடு. ஓடத் தொடங்கியதும் என் காதுக்குள் "ம்" வந்தது. ஒவ்வொரு கதைக்கும், நான் மூச்செடுக்கிற இடத்தில் சரியாக "ம்". எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சந்தோசத்தில், வீட்டில் சொல்ல முடியாததையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. உங்கட வலது காதும் போனால் நான் ஆரோட கதைக்கிறது?"

"ம்."

கொஞ்சத் தூரத்தில் வீதியில் புது யானை லத்தி கிடந்தது. "யானை நிக்குது போல. நிப்பமோ, போவமோ?"

"ம்."

"நிக்கிறதுக்கு ம்மோ, போறதுக்கு ம்மோ?"

"ம்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, "நான் இதில இறங்கி அம்மா வீட்ட போறன்" என்றேன். அதற்கும் "ம்" என்றார். என் கை அவர் தோளிலேயே விறைத்துப்போனது.

ஒட்டுசுட்டானில் நிற்பாட்டச் சொல்லித் தோளைத் தட்டினேன். இன்ரர்கொம்மில்தான் பிழை என்று நினைக்க ஆசையாக இருந்தது. அவருடைய ஹெல்மெற்றை நான் போட்டு, என்னுடையதை அவருக்குப் போட்டு, கதைக்கச் சொன்னேன். அவர் ஒரு சொல் சொல்ல என் காது அடைத்துவிட்டது. அவ்வளவு சத்தம். சாமானில் ஒரு குறையும் இல்லை.

ஹெல்மெற்றைக் கழற்றி, அவர் என் வாயைப் பார்க்கும்படி நின்று கேட்டேன்: "எப்ப தொடக்கம்?"

"போன மாரியோட வலதும் போட்டுது. நேர நிண்டு கதைச்சா வாயைப் பாத்து விளங்கும்."

"அப்ப எப்பிடி ம் எண்டுறீங்கள், அதுவும் சரியான இடத்தில?"

"நீர் கதைக்கேக்க உம்மட கை என்ர தோளில ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நிண்டா நான் ம் எண்டுவன்." கொஞ்சம் நின்று சொன்னார்: "சொல்லாமல் விட்டா நீர் கதைக்கிறதை நிப்பாட்டிப் போடுவீரெல்லோ."

வீதியோரத்தில் நின்று அழுதேன். மாங்குளத்தில் விட்ட பகிடியை நினைத்து இன்னும் அழுதேன். முல்லைத்தீவில் பால் பொங்கி வழிந்தபோது எல்லாரும் ஆரவாரித்தார்கள். அவர் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். இத்தனை மாதம் பக்கத்தில் இருந்து நான் காணாதது அது.

போகிறவர்களுக்கு: போய்வர இருநூறு கிலோமீற்றர், பெற்றோல் ஆயிரத்து முந்நூறு ரூபாய் அளவில். ஒட்டுசுட்டான் காட்டை இருட்டுமுன் தாண்டுங்கள். இன்ரர்கொம் ஒரு சார்ஜில் நாள் முழுக்கத் தாங்கும். உங்கள் ஆள் "ம்" மட்டும் சொல்கிறவர் என்றால் மைக்கின் உணர்வை உச்சத்தில் வையுங்கள். ஆனால் இடைக்கிடை ஒரு கேள்வியும் கேளுங்கள். எங்களுக்குள் இப்போது பின்னால் வாகனம் வந்தால் தோளில் ஒரு தட்டு, நிற்பதற்கு இரண்டு தட்டு.

திரும்பும்போது என் மைக்கை நிறுத்திவிட்டேன். அவருடையதை மட்டும் திறந்து வைத்தேன். அவர் தோளில் கையைப் போட்டு, குடிபூரல் கதையை வீடு வரைக்கும் சொன்னேன். நான் நிறுத்திய இடமெல்லாம் "ம்" வந்தது.